பட்டியலில் இல்லாத பாட்டி

மதுரை அரசரடியைக் கடந்து புது ஜெயில் சாலையில் செல்லும்போதெல்லாம், மத்திய சிறையின் மதிலைவிட அதன் எதிரே காத்திருப்போர்மீதே என் பார்வை படியும். துணிப் பையில் மாற்று உடை, கையில் அடையாள அட்டையின் நகல், சிலருக்கு இடுப்பில் குழந்தை. பெரும்பாலோர் பெண்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரியும். எந்தச் செலவானாலும் அதைச் சுமப்பவர் யார் என்று கேட்பது பொருளாதாரம் கற்பித்தவனின் பழக்கம். சிறைத் தண்டனை என்னும் செலவின் ஒரு பங்கு, எந்த நீதிமன்றமும் தண்டிக்காதவர்களின் தலையில் விழுகிறது என்பதை எனக்கு உணர்த்தியது புத்தகம் அன்று, அந்தச் சாலைதான்.

அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் விருதுநகர். காமராசர் வாழ்ந்த எளிய வீடு அங்கே நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. அவர் ஆறு முறை சிறை சென்றார், ஏறத்தாழ 3,000 நாள்களைச் சிறையில் கழித்தார் என்று ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 15-ஆம் நாள் மேடைகளில் சொல்கிறோம். எட்டு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் அது. உள்ளே இருந்தவர் எண்ணிய அந்த நாள்களை, வெளியே அந்த வீட்டில் இருந்தவர்களும் எண்ணியிருப்பார்கள். தாய் சிவகாமி அம்மாள் ஒருவர். முதல் சிறைவாசத்தின்போது பாட்டி பார்வதி அம்மாள் மற்றொருவர். காமராசரின் வாழ்க்கையை அந்த வீட்டின் வாசலில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் எண்ணம்.

1903-இல் பிறந்த அவருக்குக் குலதெய்வத்தின் நினைவாகக் காமாட்சி என்று பெயரிட்டார்கள். வீட்டார் ராஜா என்று கொஞ்சி அழைத்ததில் அது காமராஜ் ஆயிற்று. தந்தை குமாரசாமி தேங்காய் வணிகர். மகனுக்கு ஆறு வயதானபோது அவர் காலமானார். அதன்பின் அந்தச் சிறுவனையும் தங்கை நாகம்மாளையும் ஆளாக்கும் பொறுப்பு வீட்டுப் பெண்கள்மேல் விழுந்தது. கணவரை இழந்த மருமகளோ மகளோ குழந்தைகளுடன் நிற்கும்போது முதிய பெண் ஒருவர் குடும்பத்தின் தூணாகிவிடுவது நம் கரிசல் காட்டு ஊர்களில் புதிதன்று. அத்தகைய வீட்டில் பாட்டி என்பவர் கதை சொல்லும் கிழவி மட்டும் அல்லர். அடுப்பு எரிவதும் பள்ளிக்குப் பிள்ளை போவதும் அவர் பொறுப்பில்தான்.

பள்ளிப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைச் செய்தி நாட்டையே உலுக்கியது. துணிக்கடைச் சிறுவன் கடையைவிடக் கூட்டங்களில் அதிக நேரம் நிற்கலானான். கவலைப்பட்ட குடும்பம் அவரைத் திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பியது. அங்கே இருந்தபடி அவர் வைக்கம் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டார். அரசியலிலிருந்து காப்பாற்ற ஊர் மாற்றிய குடும்பம், அங்கேயும் அரசியல் காத்திருந்ததைக் கண்டு மீண்டும் ஊருக்கே அழைத்துக்கொண்டது. பிள்ளையைச் சிறை கொண்டு போய்விடுமோ என்னும் அச்சம், சிறை அவரைத் தொடுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த வீட்டில் குடியேறிவிட்டது எனலாம்.

அந்த அச்சம் 1930-இல் மெய்யாயிற்று. ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் புறப்பட்டது. அந்தப் போராட்டத்தில் ஈடுபட்ட காமராசர் கைதாகி, இரண்டாண்டுத் தண்டனை பெற்று அலிப்புரம் சிறைக்கு அனுப்பப்பட்டார். கல்கத்தாவின் அலிப்பூருடன் பலரும் குழப்பிக்கொள்ளும் இந்த அலிப்புரம் பெல்லாரியை ஒட்டியது. அன்றைய சென்னை மாகாணத்தின் தென்கோடிக் கரிசல் நிலத்திலிருந்து அதன் வடமேற்கு எல்லைக்குச் சமமான தொலைவு. விருதுநகரில் ரயிலேறி மதுரை, திருச்சி வழியாகச் சென்னை, அங்கே வேறு ரயில் நிறுவனத்தின் வண்டிக்கு மாறி குண்டக்கல், பிறகு பெல்லாரி. மொழி தெரியாத ஊரில் இறங்கிச் சிறை வாசலைத் தேட வேண்டும். இரண்டு இரவுகளாவது பயணத்திலேயே கழியும். வணிகர் வீட்டு ஆண்களுக்கே எளிதல்லாத இந்தப் பயணம், முதுமையில் நோயுற்ற ஒரு பெண்ணுக்கு எட்டாக்கனி.

பார்வதி அம்மாள் நோயுற்றார். பேரனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சிறைக்குப் பாட்டி செல்ல முடியாது. ஆகவே பேரன்தான் வர வேண்டும். குடும்பத்தாரும் நண்பர்களும் முயன்று, காமராசர் தற்காலிக விடுப்பில், அதாவது பரோலில், வீட்டுக்கு வந்து செல்ல ஏற்பாடு செய்தனர். அந்தச் செய்தி அலிப்புரத்துக்குப் போனது. காமராசர் வர மறுத்துவிட்டார்.

அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த நிகழ்ச்சியை அவருடைய உறுதிக்குச் சான்றாகச் சொல்வதுண்டு. அது உண்மையே. ஆனால் இளம் வயதில் இதைப் படித்தபோது எனக்கு வியப்பு மட்டுமே தோன்றியது; இப்போது படிக்கும்போது வலியும் தோன்றுகிறது. அவருக்கு அப்போது வயது இருபத்தேழுதான். அன்பில்லாமல் மறுத்தவர் அல்லர். சத்தியாகிரகி சிறையை விரும்பி ஏற்றவர். ஆட்சியாளரிடம் சலுகை கேட்டு வெளியே வந்தால், அந்தச் சிறையின் பொருளே மாறிவிடும். பரோல் என்பது எப்போதும் நிபந்தனைகளோடு வருவது. இத்தனை நாள் இன்ன இடத்தில் இன்னவாறு நடந்துகொள்வேன் என்னும் வாக்குறுதியில் கையெழுத்திட்டுப் பெறுவது. அதே சிறையில் இருந்த பெயரறியாத தொண்டர்களின் வீடுகளிலும் பாட்டிகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏற்பாடு செய்ய யாரும் இல்லை. தனக்கு மட்டும் கதவு திறப்பதை ஏற்க அவர் மனம் ஒப்பியிராது என்றே நான் கருதுகிறேன்.

கைதிகளுக்குள்ளேயே படிநிலை இருந்த காலம் அது. லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பு இருந்து 1929 செப்டம்பரில் ஜதீந்திரநாத் தாஸ் உயிர்நீத்தபின், அரசு 1930-இல் கைதிகளை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. கல்வி, சமூகத் தகுதி, வாழ்ந்து பழகிய முறை ஆகியவற்றைப் பார்த்தே வகுப்பு ஒதுக்கப்பட்டது. உணவும் உடையும் மட்டுமல்ல, கடிதமும் உறவினர் சந்திப்பும்கூட வகுப்புக்கேற்ப மாறின. ஏழையின் தாய் குறைவாகவே மகனைக் காணலாம் என்று அரசே எழுதி வைத்த விதி அது. பாசத்துக்குச் சந்தை விலை உண்டா என்று வகுப்பறையில் மாணவர்கள் கேட்பதுண்டு. சிறை நிர்வாகம் அதற்கு ஒரு விலைப்பட்டியலே வைத்திருந்தது.

1931 மார்ச் 5-ஆம் நாள் காந்தி – இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சட்டமறுப்புக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். தண்டனைக் காலம் முடியுமுன்பே காமராசர் விருதுநகர் திரும்பினார். அந்த வாசலுக்கு அவரைக் கொண்டு சேர்த்தது மனு அன்று, ஒப்பந்தம்.

பிறகு அந்த வீட்டுக்குச் சிறை பழகிப்போயிற்று. 1932-இல் மீண்டும் ஓராண்டுத் தண்டனை. அடுத்து விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும், மதுரையில் வழக்குரைஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடிக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று நிறுவினர். 1940 டிசம்பரில் காந்தியடிகளைக் காண வார்தா செல்லும் வழியில் குண்டூரில் கைதாகி, வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். உள்ளே இருந்தபோதே விருதுநகர் நகராட்சியின் தலைவராக ஊரார் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1941 நவம்பரில் விடுதலையாகி வந்தவர் அந்தப் பதவியை ஏற்ற கையோடு துறந்தார். நேரம் செலவிட்டு நியாயம் செய்ய முடியாத பொறுப்பை வைத்துக்கொள்வது தகாது என்பது அவர் கொள்கை.

1942 ஆகஸ்டில் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறியது. திரும்பி வரும் தலைவர்களைப் பிடிக்க ரயில் நிலையங்களில் போலீஸார் காத்திருந்தனர். காமராசர் சென்னை வரை வராமல் அரக்கோணத்திலேயே இறங்கிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று தொண்டர்களைச் சந்தித்து, செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்தார். பின்னர் விருதுநகருக்கு வந்து, தாம் வந்திருப்பதைப் போலீஸாருக்குத் தாமே தெரிவித்துக் கைதானார். தலைமறைவாகவே இருந்திருக்கலாம், வேறு ஊரில் பிடிபட்டிருக்கலாம். சொந்த ஊரைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்ததாக என் மனம் வாசிக்கிறது. யாரிடமும் மனுப் போடாமல் வீட்டாரைப் பார்த்துக்கொள்ள ஒரு கைதிக்கு வாய்க்கும் ஒரே நேரம், கைதாவதற்கு முந்தைய நேரந்தான். இம்முறை அவரைக் கொண்டு சென்ற அமராவதி, சென்னை மாகாணத்துக்கு வெளியே இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ளது. 1945 ஜூனில்தான் விடுதலை. போர்க்காலம், நெரிசல் மிகுந்த ரயில்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். சிவகாமி அம்மாளுக்கு அமராவதி என்பது புராணத்தில் வரும் இந்திரனின் தலைநகரைப் போலவே எட்டாத ஊராக இருந்திருக்கும்.

இனி என்னுடைய ஒரு மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்தாண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு வைகைக் கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டி கீரை கொண்டு வருவார். திருவிழாத் தகராறு ஒன்றில் உயிரிழப்பு நேர்ந்து, அவருடைய பேரன் தண்டனை பெற்று வெளியூர்ச் சிறையொன்றில் இருந்தான். அவன் குற்றமற்றவன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்கு வயதில் தாயை இழந்தவன். தகப்பன் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டான். கீரை விற்று வளர்த்தவர் இவர். மாதம் ஒருமுறை விடியற்காலைப் பேருந்தில் சென்று அவனைப் பார்த்து வருவார். கம்பி வலைக்கு இருபுறமும் பலர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவதால் தமக்கு ஒன்றும் காதில் விழாது என்றும், அவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றும் சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து அழைக்க, நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். பேரன் ஒருமுறை வந்து போக மனு எழுதித் தர வேண்டும் என்றார். மருத்துவச் சான்றையும் குடும்ப அட்டையின் நகலையும் இணைத்து எழுதினேன். உறவுமுறை என்னும் இடம் வந்தபோது, தாய் என்று போடும்படி கேட்டுக்கொண்டார். வளர்த்தது தாம்தானே என்பது அவர் வாதம். புள்ளிவிவரத்தில் பொய் கலக்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். பாட்டி என்றே எழுதினேன்.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. கோரப்பட்ட விடுப்புக்கு விதிகளில் குறிப்பிட்ட உறவினருள் பாட்டி இல்லை என்பது அதன் சாரம். அலுவலர்மீது நான் குறை காண முடியாது. அவர் விதியைப் படித்தார். தமிழ்நாட்டில் தண்டனையை இடைநிறுத்தி விடுப்பு வழங்குவதற்கான விதிகள் 1982-இல் வகுக்கப்பட்டவை. உறவினரின் கடும் நோய்க்கும் மறைவுக்கும் அவசர விடுப்பு தர அவை வழிசெய்கின்றன. அந்த உறவினர் யார் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு: தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்த சகோதரன், சகோதரி. அதில் பாட்டியும் தாத்தாவும் இல்லை.

பதிலை நான் படித்துக் காட்டியபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தாய் என்று எழுதியிருக்கலாமே என்று மட்டும் மெல்லச் சொன்னார். அடுத்த தை பிறக்குமுன் அவர் இறந்துவிட்டார். மறைவுக்கும் அதே பட்டியல்தான் என்பதால் பேரன் அப்போதும் வரவில்லை. விதிக்கு அப்பாலும் பரிவோடு பார்க்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதன் கிளை எங்கள் ஊரிலேயே உள்ளது. அந்தக் கதவைத் தட்டலாம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. படித்தவன் எழுதிய மனு என்று நம்பி அவர் காத்திருந்தார். அந்த எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

பார்வதி அம்மாளையும் கீரைக்காரப் பாட்டியையும் நான் அதன்பிறகுதான் அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே விடுப்பு வந்தது, பேரன் மறுத்தார். இங்கே பேரன் கேட்டான், விடுப்பு வரவில்லை. காமராசரின் மறுப்புக்குப் பின்னால் ஓர் இயக்கமும் வரலாறும் நின்றன. அந்த இழப்புக்கு ஒரு பொருள் இருந்தது. இந்தப் பையனின் இழப்புக்கு எந்தப் பொருளும் இல்லை. தியாகியின் மறுப்பைப் போற்றும் நாம், அதைக் காட்டிச் சாதாரணக் கைதிக்கும் அவன் வீட்டாருக்கும் சந்திப்பு அவ்வளவு முக்கியமன்று என எண்ணிவிடக் கூடாது. மறுக்கும் உரிமைக்குப் பெருமை வருவதே, கேட்டால் கிடைக்கும் என்னும் நிலை இருக்கும்போதுதான்.

நம் சட்டம் இதை அறியாததும் அன்று. தடுப்புக் காவலில் தில்லிச் சிறையில் இருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண், தம் சிறு மகளை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1981-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் சந்திப்பது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழும் உரிமையின் பகுதி என்றும், தடுப்புக் காவலில் இருப்போருக்கு வாரம் இருமுறையாவது சந்திப்பு வேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பு வந்த மறு ஆண்டில் வகுக்கப்பட்ட நம் விதிகள், குடும்பம் என்பதை மட்டும் குறுகிய சொல்லாகவே வைத்துக்கொண்டன. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிறுவப்படாதவர்கள். அவர்களைப் பார்க்கக் காத்திருப்போரை எந்த அறிக்கையும் கணக்கெடுப்பதில்லை.

காமராசர் 1954 ஏப்ரலில் முதல்வரானார். 1963 அக்டோபர் வரை அப்பொறுப்பில் இருந்தார். அப்போதும் தாயார் விருதுநகரில்தான் இருந்தார். மகன் சென்னைக்கு அழைத்துக்கொள்ளவில்லை. மாதச் செலவுக்கு ஒரு சிறு தொகை அனுப்பினார். தாயைச் சுற்றிச் சலுகை கேட்போர் கூடிவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அது. ஆள்வோரிடம் சலுகை பெற மறுத்து அலிப்புரத்திலேயே இருந்த இளைஞர், ஆள்பவரான பின்பும் அந்தக் கோட்டை விட்டு விலகவில்லை. விலை கொடுத்தவர் இம்முறையும் அந்த வீட்டுப் பெண்தான். சிறைக்கு எட்டு ஆண்டுகள், கோட்டைக்கு ஒன்பது ஆண்டுகள் என்று மகனை நாட்டுக்கு விட்டுக்கொடுத்த சிவகாமி அம்மாளுக்கு நம் வரலாற்றில் ஒரு பத்திகூட ஒழுங்காக இல்லை.

அவர் ஆட்சியின் பெருஞ்சாதனை என்று நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தது, கிராமங்களுக்குப் பள்ளியைக் கொண்டு சென்றதும் பசித்த பிள்ளைக்கு அங்கே மதிய உணவு தந்ததும். தொலைவும் ஒரு நாள் கூலியும் ஏழைக்கு எத்தகைய சுவர்கள் என்பதை உணர்ந்தவரால்தான் அப்படி எண்ண முடியும். பிள்ளை பள்ளியைத் தேடிப் போகட்டும் என்னாமல், பள்ளி பிள்ளையைத் தேடி வரட்டும் என்றது அந்தக் கொள்கை. சிறைச் சந்திப்புக்கும் அதே அளவுகோலைக் கொண்டால் போதும். கைதியை அவன் ஊருக்கு இயன்றவரை அருகில் வைப்பது, முதியோர் சிறை வரை அலையாமல் அருகிலுள்ள அரசு அலுவலகத்திலிருந்தே காணொலியில் பேச வழிசெய்வது, காத்திருப்போருக்கு நிழலும் நீரும் தருவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. விடுதலைக்குப் பின் ஒருவனை ஏற்க ஒரு வீடு இருந்தால் அவன் மீண்டும் தவறுவதற்கான வாய்ப்பு குறையும் என்பதால், இது அரசுக்கும் இலாபமே.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது மிகச் சிறியது. அந்த உறவுப் பட்டியலில் பாட்டி, தாத்தா என்னும் இரு சொற்களையும், வளர்த்தவர் என்னும் ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டும். அரசாணை ஒன்றில் ஒரு வரி. பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட, பாட்டி கையில் வளரும் பிள்ளைகள் மதுரையைச் சுற்றிய ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. இந்த மாநிலத்தின் மிகச் சிறந்த முதல்வர்களுள் ஒருவரும் அத்தகைய ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். அன்று ஆங்கிலேய அரசுகூடப் பார்வதி அம்மாளைப் பேரனுக்கு உறவாக ஏற்று விடுப்புத் தர இசைந்தது.

இனி யாருக்காவது அத்தகைய மனு எழுத நேர்ந்தால் நான் மீண்டும் பாட்டி என்றுதான் எழுதுவேன். அந்தச் சொல்லுக்காக எந்த மனுவும் திரும்பி வரக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.